டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் நாலு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

குடல்வால் வெடித்து ஆபரேஷன் செய்துகொண்ட என் அம்மாவை 5-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 8-ஆம் நாள் சாயங்காலம் குளிர்காய்ச்சல். சோற்றைக் கண்டாலே குமட்டல். தையல் போட்ட இடம் சுத்தமாக ஆறியிருந்ததால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, மாத்திரை கொடுத்தே 2 நாளைப் போக்கிவிட்டோம். சிடி ஸ்கேனில் வலது அடிவயிற்றில் சீழ்க்கட்டி. நல்லவேளை, மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மெல்லிய குழாய் செருகி வடித்தார்கள். பையில் மஞ்சளாக இறங்கியதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை நடுங்கியது.

வெளியே காயம் ஆறினாலும் உள்ளே சீழ் கோக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சீட்டு முழுக்க ஆங்கிலம். காய்ச்சல், வயிறு உப்பல், விடாத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்குதல் (ரத்தக்கட்டாக இருக்கலாம்) ஆகியவை கண்டால் உடனே வரவும் என்று தமிழில் அச்சிட்டுத் தர என்ன பெரிய செலவு?

ஆபரேஷன் தேதியையும் தெளிவாக எழுதுங்கள். வயிற்றைத் திறந்த பிறகு சில நாள் ஸ்கேனில் உள்ளே காற்று தெரிவது இயல்பாம். எத்தனையாவது நாள் என்று தெரிந்தால்தான் அந்தக் காற்று இயல்பானதா, கோளாறா என்று ஸ்கேன் பார்ப்பவரால் சரியாகச் சொல்ல முடியும். அம்மாவின் சீட்டில் அந்தத் தேதி இல்லை. நான்தான் வாயால் சொன்னேன்.

– ஒரு வாசகர், திருச்சி