சிவப்பைப் பச்சையில அடிச்ச கதை

பாப்பா,

நீ போன்ல சொன்னதுல இருந்து அம்மாவ கையில பிடிக்க முடியல, எம் பொண்ணு பெங்களூர் காலேஜ்ல மாநாடு நடத்துதுன்னு தெரு பூரா சொல்லிட்டா, எதிர்வீட்டு மாமா எத்தனை வேன் வருதுன்னு கேக்குறார். அட அது இல்லைய்யா, டிகிரி படிக்கிற பசங்க அவங்களே செஞ்ச சைக்காலஜி ஆராய்ச்சிய போஸ்டரா மாட்டி பக்கத்துல நின்னு விளக்குறதுன்னு நான் தான் புரிய வச்சேன். பதினோரு வருஷமா இங்க காலேஜ் பசங்களுக்கு போஸ்டர் அடிக்கிறேன்ல, எனக்குத் தெரியாதா.

முதல் வருஷம் நடந்தத உங்கிட்ட சொன்னதில்ல. ஒரு பிள்ளை குடுத்த ஃபைல்ல 'சிவப்பு'ன்னு பச்சைல இருக்கு, 'நீலம்'னு மஞ்சள்ல இருக்கு. சரி, அவசரத்துல மாத்திப் போட்டுருச்சு போலன்னு ராத்திரி உக்காந்து ஒவ்வொன்னா சரி பண்ணி சிவப்ப சிவப்பாவே அடிச்சு லேமினேஷன் வரைக்கும் முடிச்சுட்டேன். காலையில வந்து பாத்துட்டு அந்தப் பிள்ளை அழுத அழுகை! அப்புறம் தான் சொல்லுச்சு, ஸ்ட்ரூப்னு ஒருத்தர் 1935ல எழுதுனதாம், வார்த்தை தானா வாய்க்கு வந்துரும், மையோட கலரச் சொல்லச் சொன்னா நாக்கு தடுமாறும்னு. காசு வாங்காம திரும்ப அடிச்சுக் குடுத்தேன், பாழாப்போன ஷீட்டு நஷ்டம் என்னோட. மிச்சமிருந்த டெஸ்ட் பிரிண்ட்ட வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுனா அம்மா மூணாவதுலயே திணறுறா, எழுத்தே தெரியாத உங்க அப்பத்தா மட்டும் கடகடன்னு எல்லா கலரையும் சொல்லிட்டு இதுக்கா படிக்க அனுப்புறாங்கன்னு கேட்டுச்சு.

இப்ப வேலை விஷயம். அறிவிப்புலயே சைஸ் போட்டுரு, ஏ ஜீரோன்னா 33க்கு 47 இன்ச், அதோட நிக்க வச்சு மாட்டணுமா படுக்க வச்சு மாட்டணுமான்னும் போடு, இத எழுதாம விட்டுட்டு காலையில போர்டு பத்தலன்னு போஸ்டர மடக்கிக் குத்துனத நான் பாத்திருக்கேன். சர்டிபிகேட்ல பேர் அவங்க டைப் பண்ணுனது தான் வரணும், நீ கையால எழுதி அனுப்புனா இனிஷியல் மாறும், அன்னைக்கு முழுக்க அதே பஞ்சாயத்து தான். சாப்பாடு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, தயிர் சாதம் கூட வை.

இன்னொன்னு மனசுல கிடக்கு. போன வருஷம் ஒரு பையன், மொபைலும் தூக்கமும் பத்தி, முடிவுல 'வித்தியாசம் எதுவும் கிடைக்கலை'ன்னு ஒரு வரி. அத மட்டும் சின்ன எழுத்துல மூலையில தள்ளிருங்க அங்கிள்ங்குறான். நானும் தள்ளிட்டேன். நீ தானே ஒருநாள் சாப்பிடும்போது சொன்ன, 2015ல பெரிய பெரிய சைக்காலஜி ஆராய்ச்சியா 100 எடுத்து திரும்பச் செஞ்சு பாத்தா நாப்பது கூட தேறலன்னு? பெரியவங்க கதையே அப்படின்னா இந்தப் பையன் உள்ளத உள்ளபடி எழுதிட்டு எதுக்குக் கூசணும்? நீ நடத்துறதுல ஜட்ஜுங்களுக்குக் குடுக்குற மார்க் ஷீட்ல இத யோசி, எதுவும் வரலன்னு எழுதுன பிள்ளைகிட்டயும் போய் நின்னு கேள்வி கேக்கச் சொல்லு.

உன் மூணாவது வருஷ போஸ்டர நான் தான் அடிச்சேன், ஆனா நீ நின்னு பேசுனத பாக்க வரல, எலெக்ஷன் சீசன், கடைய விட்டு நகர முடியல. முடியலன்னு தான் சொல்லிக்கிட்டேன். இந்தத் தடவை உங்க பசங்க போஸ்டர் அத்தனையும் எங்கிட்டயே அனுப்பு, ரோல் பண்ணி மைசூர் எக்ஸ்பிரஸ்ல நானே தூக்கிட்டு வரேன், போர்டுல மாட்டவும் எனக்குத் தெரியும்.

புதன்கிழமைக்குள்ள ஃபைல் வந்துரணும். பிடிஎஃப்பா அனுப்பச் சொல்லு, பவர்பாயிண்ட்ல வந்தா தமிழ் எழுத்து உடையுது. கலர நான் தொடமாட்டேன்.

அப்பா