பூஞ்சைக்கு ஒரே ஒரு வரிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

எச்.ஐ.வி. பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம் என்று அழுத்திச் சொன்னது நல்லது. பூஞ்சைத் தொற்றுக்குத்தான் ஒரே வரி. அதுவும் வாயில் படியும் வெள்ளைப் படலம் மட்டும்.

அந்தப் படலம் உணவுக்குழாய்க்கு இறங்கி, விழுங்கும்போது வலித்தால் எதிர்ப்பாற்றல் வெகுவாகச் சரிந்துவிட்டது என்று பொருள். ஆனால் உயிரையே பறிப்பது கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பூஞ்சை. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கும் இது மூச்சோடு உள்ளே போய், பெரும்பாலும் சிடி4 (எதிர்ப்பாற்றலுக்கான ரத்த வெள்ளணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே போனவர்களின் மூளை உறையைத் தாக்குகிறது. எய்ட்ஸ் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதனால்தான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

தொடக்கத்தில் வெறும் தலைவலிதான். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கழுத்து விறைப்பு பலருக்கு வருவதே இல்லை. வலி மாத்திரையிலேயே வாரங்கள் ஓடிவிடும். பிறகு மருத்துவர் தண்டுவட நீர் எடுக்கச் சொன்னால், ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்று உறவினர்கள் தடுப்பார்கள். செவிலியராக இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. நீர் எடுப்பது பரிசோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. மண்டைக்குள் ஏறிய அழுத்தம் அதனால்தான் தணிகிறது. சிலருக்குத் தினமும் எடுக்க நேரும்.

தலைவலி வரும் முன்பே கண்டுபிடிக்கவும் வழியுண்டு. சில சொட்டு ரத்தம், ஒரு பட்டைச் சோதனை, பத்தே நிமிடம். தொற்று இருந்தும் மூளைக்குப் பரவவில்லை என்று உறுதியானால் புளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையே போதும். யாருக்குச் சோதிப்பது என்று தெரிய சிடி4 எண்ணிக்கை வேண்டுமே! வைரஸ் அளவைப் பார்த்தால் போதும், சிடி4 எதற்கு என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவருக்கு அது சரி. புதிதாக வருபவருக்கும், நடுவில் விட்டுவிட்டு (திட்டு வாங்கப் பயந்து தள்ளிப்போட்டு) திரும்பி வருபவருக்கும் சரியல்ல.

இன்னொன்று. ‘கண்டறிந்த அன்றே கூட்டு மருந்து’ என்று கட்டுரை சொல்கிறது. இந்த மூளைத் தொற்று உள்ளவருக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. பூஞ்சைக்கான சிகிச்சை தொடங்கி 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்டெழும் எதிர்ப்பாற்றலே மூளையில் அழற்சியைக் கிளப்பிவிடும். இந்த விதிவிலக்கை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்