மதியம் பன்னிரண்டு மணிக்கு டிவி முன்னால்

லாஸ் பான்யோஸ்,
லகூனா மாகாணம், பிலிப்பைன்ஸ்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு டாவோ நகரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். இவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஃபீஸ், விசா, ஹாஸ்டல் பற்றி நீ கேட்டதையெல்லாம் விசாரித்துத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும்தான். "அந்த ஊர் டிவியை யூடியூபில் பார்த்தேன். ஒரே அழுகை, கன்னத்தில் அறை, குலுக்கு டான்ஸ். இதையா ஜனங்கள் நாள் பூரா பார்க்கிறார்கள்?" என்று எழுதியிருந்தாய்.

நீ பார்த்ததெல்லாம் உண்மைதான். ராத்திரி சீரியல்களில் பணக்கார மாமியார் ஏழை மருமகளை அறைவாள், ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போகும், கதாநாயகனுக்கு நினைவு தப்பும், கடைசி வாரத்தில் யாரையாவது பாழடைந்த கிடங்கில் கட்டிப்போடுவார்கள். 'ஆங் ப்ரோபின்ஸ்யானோ' என்ற போலீஸ் தொடர் 2015-இல் தொடங்கி 2022 வரை ஓடியது. அத்தனை வருஷம் தாங்குகிற கதை அதில் கிடையாது. விளம்பரம் வந்துகொண்டே இருந்ததால் இழுத்தார்கள். ஆனாலும் ஒன்று கவனி. 2018-இல் நாட்டின் போலீஸ் தலைவரே, "எங்களை இப்படிக் கெட்டவர்களாகக் காட்டுகிறீர்களே" என்று அந்தத் தொடர்மேல் வருத்தப்பட்டார். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் தெருவில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஊரார் வாய்விட்டுச் சொல்லப் பயந்ததை அந்த மசாலாத் தொடர் தினமும் ராத்திரி சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த ஊர் டிவியைப் பற்றித் தெரிந்துகொள்ள சீரியலைவிட மதிய நிகழ்ச்சிகளைப் பார்க்கவேண்டும். இங்கே கரிந்தேரியா என்று சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பன்னிரண்டு மணிக்கு எந்தக் கரிந்தேரியாவில் நுழைந்தாலும் டிவி ஓடும், சாப்பிடுகிறவன் தட்டைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பான். 'ஈட் புலாகா' என்ற மதிய நிகழ்ச்சி 1979 ஜூலை 30-இல் தொடங்கியது; சேனல் மாறி மாறி இன்றைக்கும் ஓடுகிறது. அதில் ஒரு பகுதி உண்டு. குழுவினர் ஏதாவதொரு குடியிருப்புக்குப் போய் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பரிசு பெறுகிறவர் தன் கதையைச் சொல்லவேண்டும். புருஷன் விட்டுப்போனது, பிள்ளைக்கு டயாலிசிஸ், பள்ளிக்கூடத்தோடு நின்ற மகள் என்று சொல்லச் சொல்ல அழுகை வரும். தொகுப்பாளர்களும் அழுவார்கள். பிறகு பணம் கையில் கொடுப்பார்கள், அதோடு ஷாம்பூ பாக்கெட்டும் சோப்புத்தூளும். எனக்கு அதைப் பார்க்க மனசு தாங்காது. அந்தப் பணம் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பெரிக்கும் என்பதும் தெரியும். ஆனால் தன் துக்கத்தை நாடு முழுக்கப் பார்க்க அழுது காட்டினால்தான் மருந்து கிடைக்கும் என்று ஒரு தாயை நிற்க வைப்பதை நான் எந்த நாளும் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதன் உச்சம் 2006 பிப்ரவரி 4. 'வொவோவீ' என்ற போட்டி நிகழ்ச்சியின் முதலாண்டு விழா, பாசிக் நகரில் அல்ட்ரா என்று சொல்கிற விளையாட்டரங்கத்தில். பரிசுக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் நாள்கணக்கில் வாசலிலேயே படுத்துக் கிடந்தார்கள். பல்லாயிரம் பேர். காலையில் கதவருகே நெரிசல் ஏற்பட்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மிதிபட்டுச் செத்தார்கள். பெரும்பாலும் வயசான பெண்கள், மாப்ளே. அவர்கள் நடிகரைப் பார்க்க வந்த ரசிகர்கள் என்று அப்போது சிலர் பேசினார்கள். எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஒரு வருஷத்து அரிசிக் காசை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அரசு ஆஸ்பத்திரியும் வேலையும் சரியாக இருந்திருந்தால் அந்த வாசலில் யார் போய்ப் படுப்பார்கள்?

டிவியின் செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான். கஷ்டம் வந்தால் வார்டு ஆபீஸுக்குப் போவதைவிட டிவி நிலையத்துக்குப் போவது இங்கே பலருக்கு இயல்பு. அதனால் டிவியில் தினமும் தெரியும் முகம், தங்களைக் காப்பாற்றும் முகமாகிவிடுகிறது. தேர்தல் வந்தால் ஓட்டு அங்கே போகிறது. 'டிவி பாட்ரோல்' செய்தியைத் தகலாக் மொழியில் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி வாசித்த நோலி டி காஸ்ட்ரோ 2001-இல் செனட்டர், 2004-இல் துணை அதிபர். பதவி முடிந்ததும் 2010-இல் அதே செய்தி மேசைக்குத் திரும்பி வந்தார். ஆங்கிலச் செய்தி வாசித்த லோரன் லெகார்டா 1998 செனட் தேர்தலில் எல்லாரையும்விட அதிக ஓட்டு வாங்கினார். ஈட் புலாகாவின் முக்கியத் தொகுப்பாளர்கள் மூவரில் ஒருவரான டிட்டோ சோட்டோ செனட் தலைவராகவே ஆனார். இவர்களில் திறமைசாலிகள் உண்டு. ஆனால் நூலகம் இல்லாத, நல்ல பத்திரிகை எட்டாத கிராமத்தில் வேட்பாளரை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியில் பார்த்த முகத்துக்குத்தான் ஓட்டு.

செய்தி ஒளிபரப்பு உயிரையும் வாங்கியிருக்கிறது. 2010 ஆகஸ்டில் மணிலா லுனெட்டா பூங்கா அருகில், வேலை போன ஒரு போலீஸ்காரர் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தைப் பிடித்துவைத்தார். போலீஸ் எங்கே நகர்கிறது, அவருடைய தம்பியை எப்படிக் கைது செய்கிறார்கள் என்பதெல்லாம் நேரலையில் போனது. பேருந்துக்குள் டிவி இருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிணைக்கைதிகள் எட்டுப் பேர் இறந்தார்கள்.

இவ்வளவு சொல்லியும் இந்த டிவிமேல் எனக்கு ஏன் பாசம் என்று கேட்பாய். அதே திரையில் ஜனங்களை மரியாதையாக நடத்திய நிகழ்ச்சிகளும் வந்திருக்கின்றன. 'மாலாலா மோ காயா' 1991-இல் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. யாரோ ஒரு சாதாரண ஆள் எழுதிய கடிதம், அதுதான் அந்த வாரத்து நாடகம். சாரோ சாண்டோஸ் நிதானமான குரலில் அதைப் படிப்பார். அங்கேயும் வறுமை, நோய், பிரிவுதான். ஆனால் சொல்கிறவர் தானே உட்கார்ந்து எழுதி அனுப்பிய கதை. பரிசுக்காகக் கூட்டத்தின் நடுவில் அழவேண்டியதில்லை. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் அம்மாவின் கதையைப் பார்க்கும்போது எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அம்மாவும் வளைகுடாவில்தான் இருக்கிறாள்.

இன்னொன்று 'மரியா க்ளாரா அட் இபார்ரா'. 2022 அக்டோபரிலிருந்து 2023 பிப்ரவரி வரை ஜிஎம்ஏ சேனலில் வந்தது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் ஹொசே ரிசால் எழுதிய 'நோலி மே டாங்கெரே' நாவலை இங்கே 1956 சட்டப்படி எல்லா மாணவர்களும் படித்தாகவேண்டும். கட்டாயம் என்பதாலேயே பலருக்குக் கசப்பு. அந்தப் பாடம் பிடிக்காத ஒரு நர்சிங் மாணவி நாவலுக்குள்ளேயே போய்விழுகிறாள், ஸ்பானியர் காலத்துப் பெண்களின் அடங்கிய வாழ்க்கையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் மறுநாள் டீ நேரத்தில் ரிசாலைப் பற்றி வாதம் செய்தார்கள். இந்த ஊர்ப் பையன்கள் தங்கள் நாவலைப் பற்றி அப்படிச் சண்டை போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. நல்லதைக் கொடுத்தால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்று சேனல்காரர்கள் சொல்வதை அதற்குப் பிறகு நான் நம்புவதே கிடையாது.

குழந்தைகளுக்கு 'பாதிபோட்', 'சினெஸ்க்வேலா' என்று அருமையான நிகழ்ச்சிகள் இருந்தன. தினசரி ஒளிபரப்பில் குறைந்தது 15 சதவீதம் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்று 1997-இல் சட்டமே போட்டார்கள். சட்டம் இருக்கிறது. காலையில் டிவியைப் போட்டால் அது தெரியாது.

டிவி கெட்டதா நல்லதா என்பதைவிடப் பெரிய விஷயம், அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1972-இல் ராணுவச் சட்டம் போட்டதும் அதிபர் மார்க்கோஸ் ஏபிஎஸ்-சிபிஎன் சேனலை மூடினார். 1986-இல் அவர் போன பிறகுதான் அது திரும்ப வந்தது. பிறகு 2020 மே 5. ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது அதே சேனலை மறுபடி நிறுத்தினார்கள். உரிமம் முந்தின நாள் காலாவதியாகியிருந்தது. ஜூலை 10-இல் நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற கணக்கில் புது உரிமத்தை மறுத்தது. தன் 2016 பிரசார விளம்பரங்களைப் போடவில்லை என்று அன்றைய அதிபர் துதெர்தேக்கு அந்தச் சேனல்மேல் இருந்த கோபம் ஊரறிந்தது. ஏறக்குறைய 11,000 பேர் வேலை பார்த்த இடம். மூடிய நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கார அம்மா வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சீரியல் நின்றதற்கு அழுகிறார் என்றுதான் பேரன் நினைத்தான். அவர் நினைத்தது 1972-ஐ. அப்போது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது பாப்பா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது டாவோவையும் தொட்டது. துதெர்தே அந்த ஊர்க்காரர்தான். ஆனால் சேனல் மூடியதும் 2020 ஆகஸ்ட் 28-இல் அதன் மாகாணச் செய்திகள் எல்லாம் நின்றன. டாவோ மக்கள் தங்கள் பிசாயா மொழியில் பார்த்துவந்த செய்தியும் அதோடு போயிற்று. அந்த நவம்பரில் அடுத்தடுத்துப் புயல். வடக்கே ககயான் பள்ளத்தாக்கில் வெள்ளம் கூரை வரை ஏறியபோது, செய்தி சொல்ல அங்கே ஆள் இல்லையே என்று இங்கே எல்லாரும் பேசினோம். மணிலாவில் உட்கார்ந்து வாசிக்கிற செய்தி, எந்த ஓடையில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லாது. மூடிய சேனலின் அலைவரிசை 2022-இல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது.

பாப்பாவிடம் சொல், டாவோ நோயாளிகளிடம் பேச பிசாயா வேண்டும். மணிலா சீரியல் பார்த்தால் தகலாக்தான் வரும். ஜிஎம்ஏ டாவோவிலிருந்து தருகிற 'ஒன் மிண்டனாவ்' செய்தியை இணையத்தில் இப்போதே பார்க்கத் தொடங்கட்டும். முதல் மாதம் ஒன்றும் புரியாது, பரவாயில்லை. காய்ச்சல், வெள்ளம், விலைவாசி, விபத்து என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வார்டில் அவளுக்குத் தேவைப்படப்போவதும் அவைதான்.

சேர்க்கைக் கடிதத்தின் நகலை அனுப்பு. டாவோவில் என்னோடு வேலை பார்த்த ஒரு குடும்பம் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு வந்து அவளைக் கூட்டிப்போகச் சொல்லிவைக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டிவலிக்கு மருந்து சாப்பிடுகிறாயா இல்லையா என்று இந்தத் தடவையாவது எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்