பார்சலில் ஒரு இன்ச் டேப் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போன ஞாயிறு போனில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "டிஎம் படிப்பு முடிச்சாச்சும்மா. இனிமே சிஎம்இ கூட்டம் எல்லாம் பாயின்ட்டுக்குத்தான். கையெழுத்துப் போட்டுட்டு, ரெண்டு டாக் கேட்டுட்டு வந்துடுவேன்." நைட் டியூட்டி முடித்த அலுப்பில் சொன்னாய், தெரியும். நானும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பதில் சொல்லாமல் விட்டது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் நடுவில் உன்னை வார்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாயின்ட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2002-ல் வந்த மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளில், ஒரு டாக்டர் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில், அதாவது சிஎம்இ-யில், கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆண்டுக்கு 6 மணி நேரம். உன்னுடைய நைட் டியூட்டியில் பாதிதான் வரும். அந்த 6 மணி நேரத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003-ல் நான் ஒரு அரசு மருத்துவமனையின் ஐசியூவில் இருந்தேன். நாலு வென்டிலேட்டர். நீ அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். மழைக்காலத்தில் ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள், 24 வயது. நிமோனியா முற்றி, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை வெளேரென்று இருந்தன. நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாத நிலை, அதுதான் ஏஆர்டிஎஸ். டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தேன். டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்கு மெஷின் உள்ளே தள்ளும் காற்று, 650 எம்எல். உயரத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும், ஆனால் அவன் உயரத்தை யாரும் அளக்கவில்லை. பார்வைக்கு 60 கிலோ இருப்பான் என்று நானே முடிவு செய்து, கிலோவுக்கு 11 வீதம் வைத்தேன். நாங்கள் படித்த காலத்தில் கிலோவுக்கு 10 முதல் 15 வரை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் காலை ஏபிஜி, ரத்தத்தில் வாயு அளவைப் பார்க்கும் டெஸ்ட், அவ்வளவு நன்றாக வந்தது. ஆக்சிஜன் ஏறியிருந்தது, கார்பன் டை ஆக்சைடு சரியாக 40. அந்தத் தாளை ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் காட்டினேன்.

மூன்றாம் நாள் நியூமோதொராக்ஸ், நுரையீரல் கிழிந்து காற்று நெஞ்சுக்குள் கசிந்துவிட்டது. அதை வெளியேற்ற நெஞ்சில் ஐசிடி டியூப் போட்டோம். ஆறாம் நாள் விடிகாலையில் போய்விட்டான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவிடம், "நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு ஐயா, எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்றேன். அதை நான் முழுதாக நம்பித்தான் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து, பிஜி முடித்து எங்கள் வார்டுக்கு வந்த ஒரு ஜூனியர் ஒரு கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். 2000-ம் ஆண்டு மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆய்வு. உனக்கு மனப்பாடமாக இருக்கும். 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 எம்எல் வைத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 வைத்தவர்களில் 31 சதவீதம் பேர். உனக்கு அது பரீட்சையில் எழுதிய விடை. எனக்கு அப்படியில்லை. அந்தப் பையன் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே அச்சாகி வந்துவிட்ட விஷயம். நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். 6 வைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வின் கணக்குப்படி 11 பேருக்கு அப்படி வைத்தால் கூடுதலாக ஒருவர் வீட்டுக்குப் போவார். அந்த ஒருவர் அவன்தானா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த ஜெராக்ஸில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது இறப்புக் கணக்குகூட இல்லை. முதல் சில நாட்களில் ஆக்சிஜன் அளவு 12 வைத்தவர்களுக்குத்தான் நன்றாக இருந்திருக்கிறது. யாருக்கு ரிப்போர்ட் அழகாக வந்ததோ, அவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். நான் ரவுண்ட்ஸில் பெருமையாகக் காட்டிய அந்த ஏபிஜி தாள் உடனே ஞாபகம் வந்தது.

பாப்பா, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் வேலையில் அனுபவம் தானாகப் பாடம் சொல்லிக்கொடுக்காது. சர்ஜன் போட்ட தையல் சரியில்லை என்றால் நாலைந்து நாளில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ஐசியூவுக்கு வருகிறவர் சாகக் கிடக்கும் நிலையில்தான் வருகிறார். இறந்தால் நோயின் மேல் பழி போகிறது. பிழைத்தால் நம் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். நீ ஆண்டுக்கு 40 ஏஆர்டிஎஸ் பார்க்கிறாய் என்று வைத்துக்கொள். பழைய முறையில் 16 பேர் இறப்பார்கள், சரியான முறையில் 12 பேர். கட்டிலருகே நிற்கிறவள் கண்ணுக்கு 16-ம் 12-ம் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த நாலு பேரை உன் அனுபவம் உனக்கு ஒருநாளும் காட்டாது. 861 பேரைச் சேர்த்து எண்ணினால்தான் அது தெரியவரும். எண்ணியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் போய்ப் படிக்க வேண்டும். 2005-ல், டாக்டரின் சர்வீஸ் வருஷங்களையும் அவர் தரும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் வருஷம் கூடக் கூடத் தரம் இறங்கிக்கொண்டே போயிருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

2011-ல் வந்த ஃபீஸ்ட் ஆய்வும் இதே கதைதான். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகள், கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்து வந்தவர்கள். கைகால் சில்லென்று இருக்கும் குழந்தைக்கு மளமளவென்று ஃப்ளூயிட் ஏற்று என்றுதான் நாமெல்லாம் கற்றோம். அப்படி வேகமாக ஏற்றும் போலஸ் கொடுத்த குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்தில் ரத்த ஓட்டம் சீராகி ஷாக் தெளிந்தது மற்றவர்களைவிட அதிகம். ஆனால் 48 மணி நேரத்தில் அவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் இறந்தார்கள். போலஸ் கொடுக்காத குழந்தைகளில் 7.3. பக்கத்தில் நின்ற டாக்டருக்கு, தான் நன்றாகத்தான் செய்தோம் என்று தோன்றியிருக்கும்.

புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை விடுவது கஷ்டம். 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. சர்ஜிக்கல் ஐசியூவில் சர்க்கரையை 80-லிருந்து 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் ஐசியூ இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைகிறது என்றது. பையனுடைய விஷயத்தில் பட்ட அடிக்குப் பிறகு நான் விடாமல் படிக்க ஆரம்பித்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. உடனே வார்டில் இன்சுலின் சார்ட் ஒட்டினேன். மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்க்க வைத்தேன், தவறிய நர்ஸுகளைக் கடிந்துகொண்டேன். 2009-ல் நைஸ்-சுகர் என்ற ஆய்வு வந்தது. 6104 பேர். இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 வரை விட்டவர்களில் 24.9. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது ஒரு பக்கம் 6.8 சதவீதம் பேருக்கு, இன்னொரு பக்கம் 0.5 சதவீதம் பேருக்கு. நான் ஒட்டிய சார்ட்டை நானே கிழித்தேன். சிஸ்டர் ஒருவர், "மேடம், இதுக்காகத்தானே எங்களைத் திட்டினீங்க?" என்று கேட்டார். "ஆமா சிஸ்டர், நான் சொன்னது தப்பு" என்றேன், எல்லோர் முன்னாலும். அதைச் சொல்ல என் தொண்டை அடைத்தது. ஆனால் அன்றிலிருந்துதான் அந்த வார்டில் நர்ஸுகள் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். உன் வார்டிலும் அப்படிக் கேட்கிறார்களா? கேட்கவில்லை என்றால் நீ கவலைப்பட வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? ஹோட்டல் ஹாலில் வரிசையாக ஸ்லைடு ஓடும் கூட்டங்களைப் பற்றி நீ சலித்துக்கொண்டாயே, அதில் நியாயம் இருக்கிறது. வெறும் லெக்சர் கேட்டுவிட்டு வந்த டாக்டரின் சிகிச்சை முறை மாறுவதில்லை, கலந்து பேசி, கையால் செய்து பழகினால்தான் மாறுகிறது என்று 1999-லேயே தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி போடும் சாப்பாட்டோடு வரும் பாடத்தில் இன்னும் கவனம் வேண்டும். நரம்பில் ஏற்றும் ஸ்டார்ச் ஃப்ளூயிடை அப்படித்தான் எங்களுக்கு அறிமுகம் செய்தார்கள், நானும் பாட்டில் பாட்டிலாக ஏற்றியிருக்கிறேன். 2012-ல் ஸ்காண்டிநேவியாவில், கிருமித் தொற்றால் உறுப்புகள் தளரும் செப்சிஸ் நோயாளிகள் 798 பேரிடம் செய்த ஆய்வில் ஸ்டார்ச் ஏற்றியவர்களில் 51 சதவீதம் பேர் 90 நாளில் இறந்திருந்தார்கள், சாதாரண உப்புக் கரைசலான ரிங்கர்ஸ் ஏற்றியவர்களில் 43. யார் செலவில் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு உட்கார்.

கையால் செய்வது ஏன் முக்கியம் என்பதற்குக் குப்புறப் படுக்க வைப்பதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2013-ல் வெளியான, பெரும்பாலும் பிரான்சில் நடந்த ப்ரோசேவா ஆய்வு, கடுமையான ஏஆர்டிஎஸ்-ல் ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தால் 28 நாள் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமாகக் குறைகிறது என்றது. சரிபாதி! நம் துறையில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பது அபூர்வம். மருந்துச் செலவு கிடையாது, புது மெஷினும் வேண்டாம். அதற்கு மறு வருஷம் 50 நாடுகளில் 459 ஐசியூக்களில் எடுத்த கணக்கில், கடுமையான ஏஆர்டிஎஸ் நோயாளிகளில் 16.3 சதவீதம் பேரைத்தான் திருப்பிப் போட்டிருந்தார்கள். டாக்டர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? டியூப், சென்ட்ரல் லைன், யூரின் பேக் எல்லாவற்றோடும் ஒருவரைப் புரட்ட ஐந்தாறு பேர் ஒரே குரலுக்கு அசைய வேண்டும். டியூப் கழன்றுவிடுமோ என்ற பயம் ஸ்லைடு பார்த்துப் போகாது. கோவிட் வந்து வேறு வழியில்லாமல் போனபோதுதான் உலகம் முழுக்கக் கை பழகியது. 2020-ல் எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. பிபிஇ கிட்டுக்குள் வேர்வை வழிய, ஒவ்வொரு தடவையும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் எண்ண, வார்டு பாய் முதல் பிஜி வரை சேர்ந்து திருப்பினோம். என் சர்வீஸில் நான் கற்ற கடைசிப் பெரிய பாடம் அதுதான். அதை எந்த ஹாலிலும் கற்கவில்லை.

அதனால் உன் வார்டிலேயே ஆரம்பி. வாரத்தில் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 20 நிமிஷம். ஒரு கட்டுரை, அல்லது அந்த வாரம் இறந்துபோன ஒருவருடைய கேஸ் ஷீட். நர்ஸுகளையும் டியூட்டி டாக்டர்களையும் கட்டாயம் உட்கார வை. ராத்திரி 2 மணிக்கு வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் ஓடுவது அவர்கள்தான். இறந்த கேஸைப் பேசும்போது, முதலில் நீ உன் தப்பைச் சொல். மூத்தவள் வாய் திறக்காவிட்டால் வேறு யாரும் திறக்க மாட்டார்கள்.

எல்லாப் பாடமும் வெளிநாட்டிலிருந்துதான் வரும் என்றும் நினைக்காதே. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலுக்கு நாங்கள் காலம் காலமாக டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்துவந்தோம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் உண்ணி கடித்த இடத்தில் வரும் அந்தக் கறுப்புப் புண்ணைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தாலும், கடுமையானவர்களுக்கு எது சிறந்தது என்று யாரும் பெரிதாகச் சோதித்ததில்லை. வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுத்தவர்களுக்கு, தனித்தனியாகக் கொடுத்தவர்களைவிட நல்ல பலன். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்து எண்ணினால் 33 சதவீதம். ஒரே மருந்து கொடுத்தவர்களில் 47, 48. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இனி நான் யாருக்கும் எழுதிக்கொடுக்கப் போவதில்லை. ஆனாலும் படிக்காமல் இருக்க முடியவில்லை. உன் மருத்துவமனைக்கும் மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து அந்தக் காய்ச்சல்காரர்கள் வருகிறார்கள் என்று சொன்னாயே. அடுத்த கேள்விக்கு ஆள் சேர்க்கும்போது உன் வார்டும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று. நைட் முடித்த காலையில் எதுவும் படிக்காதே. தூங்கு. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் படிக்கலாம்.

கொரியரில் முறுக்கும், அப்பா வறுத்து அரைத்த காபித்தூளும் அனுப்பியிருக்கிறேன். கூடவே என் தையல் மெஷின் டிராயரில் இருந்த இன்ச் டேப்பும் இருக்கும். வென்டிலேட்டர் டிராலியில் கட்டித் தொங்கவிடு. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்குக் கணக்குப்படி எடை 43 கிலோ, 6 வீதம் 260 எம்எல்தான் வரும். ஆனால் ராத்திரியில் பழக்கதோஷத்தில் யாராவது 450 வைத்திருப்பார்கள். டேப் வந்து சேர்ந்ததும் முதலில் உன் வார்டில் இன்று வென்டிலேட்டரில் இருக்கிற எல்லோரையும் தலையிலிருந்து குதிகால் வரை அளந்து பார். எத்தனை பேருக்கு அளவு மாற்ற வேண்டியிருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா