ஈரப் படங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், முன்பின் தெரியாமல் வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அலை மேலேறி வருவது புதிதல்ல. ஜன்னல் கம்பியில் துரு, கண்ணாடியில் உப்புப் பூச்சு, எந்நேரமும் நமுத்தே கிடக்கும் துண்டு, இவற்றோடு அதையும் பழகிக்கொண்டோம். ஆனால் அன்று அமாவாசை ஏற்றமும் கரையைப் பார்த்து அடித்த பெருங்காற்றும் கைகோத்துக்கொண்டன. விடியும்போது கூடத்தில் கணுக்கால் அளவுக்குக் கடல். பீரோவின் கீழ்த்தட்டில் எங்கள் பயண ஆல்பங்கள் ஆறு. (மேல்தட்டில் கூரை ஒழுகும் என்று நான்தான் கீழே இறக்கி வைத்திருந்தேன். அதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்.)

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதற்குள் கட்டிலில் இருந்து அரிசி டப்பா வரை மாடிக்கு ஏற்றிய தம்பிகளே, உங்களுக்கு நன்றி. நீங்கள் உடைத்த கண்ணாடியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நான் செய்த முதல் வேலை, படங்களைப் பிய்த்து எடுத்து மொட்டைமாடி வெயிலில் பரப்பப் போனது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “அத்தை, வெயில்ல போடாதீங்க! தண்ணியிலயே இருக்கட்டும்.” எனக்குக் கோபம்தான் வந்தது. நனைந்ததை மறுபடி நனைப்பார்களா? படத்தின் மேல் ஒரு ஜெலட்டின் படலம் உண்டாம். ஈரத்தில் ஊதி நிற்கும் அது, ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்துவிட்டால் பசைபோல் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு வேறு. காய்ந்தால் அதெல்லாம் படத்திலேயே தங்கிவிடும். அதனால் நல்ல தண்ணீர் நிறைந்த அகலத் தட்டுகளில் மிதக்கவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம். எங்கள் மோட்டார் மூழ்கிக் கிடந்த அந்த நாளில் குடம் குடமாக நல்ல தண்ணீர் தந்த வீடுகள் எத்தனை என்று எண்ணக்கூட முடியவில்லை.

பசைப்பக்க ஆல்பங்கள் அதற்குள் ஒரே கட்டியாகியிருந்தன. அவற்றைப் பிரித்தது தூண்டில் போடும் அண்ணன். மெல்லிய நரம்பை இரு கையிலும் சுற்றிக்கொண்டு, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம்போல் இழுத்தார். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கழன்று வந்தது, ரயில் ஜன்னலில் கண்ணில் கரித்தூள் விழுந்து அழும் என் தங்கை.

கடலோரத்தில் இருந்துகொண்டே அப்பா லீவுக்கும் இன்னொரு கடற்கரைக்குத்தான் கூட்டிப்போவார். “இங்க இல்லாத தண்ணியா?” என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள், ஒவ்வொரு முறையும் முதலில் காலை நனைப்பதும் அவள்தான். படம் எடுப்பவர் அப்பா என்பதால் அவர் ஒன்றிலும் இல்லை என்றே நினைத்திருந்தேன். கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டபோதுதான் கவனித்தேன். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது அவர் காலத்துப் பாடம். ஆகவே படத்துக்குப் படம் மணலில் அவர் நிழல், முழங்கைகள் இரண்டும் விரிய, எங்கள் கால்வரை நீண்டு கிடக்கிறது.

எண்பதுகளின் கலர் படங்கள் சிவப்பேறியிருப்பது கடலின் வேலை இல்லையாம், அந்தக் காலத்துத் தாள்களில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுமாம். ஓர் ஆல்பம் அடியோடு போய்விட்டது. மீதி ஐந்தில் பெரும்பகுதி தேறிவிட்டது.

இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அதற்குள் பிரித்து முடிக்க முடியாத படங்களை மெழுகுத்தாள் இடையிட்டு உறையவைத்தோம். அந்தக் கடைசிக் கட்டு இன்னும் பக்கத்து வீட்டு அக்காவின் ஃப்ரீசரில்தான் இருக்கிறது. ஐஸ் வைக்க இடமில்லை என்று அவர் இதுவரை வாய்திறந்து சொல்லவில்லை, பேரன் சொல்லிவிட்டான். அக்கா, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன். நரம்போடு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.