மலையேறும் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

சுவிஸிலிருந்து நீ அனுப்பிய மலைப்படங்களை அம்மா அயலெங்கும் காட்டி மகிழ்ந்துகொண்டிருக்க, நானோ உன் பின்னால் திரண்டிருந்த மேகத்தையும் உன் காலில் கிடந்த மெல்லிய சப்பாத்தையும் நீ தனியே நின்றதையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழு வயதில், கந்தளாய்ப் பக்கத்துக் காட்டில் பாலைப்பழம் பறிக்கப் போய் நான் வழிதவறிய கதையை நீ அறிவாய்; அதில் ஒன்றை மறைத்துவிட்டேன். நேராகவே நடக்கிறேன் என்று நம்பி நெடுநேரம் நடந்தபின், காய்ந்த ஆற்றுமணலில் என் காலடியையே மீண்டும் கண்டதும், பயத்தில் ஓடத் தொடங்கினேன். நின்ற இடத்திலேயே நின்று கூக்காட்டியிருந்தால் பொழுது சாயுமுன் கண்டுபிடித்திருப்போம் என்று பெரியப்பா சாகும்வரை ஏசினார்.

ஓடையைப் பிடித்து இறங்கினால் ஏதாவதொரு குளத்தை அடையலாம் என்பதும் அவர் சொன்ன பாடந்தான். அது நம் சமநிலத்துக்குப் பொருந்தும். அல்ப்ஸில் ஓடை செங்குத்துப் பாறையிலிருந்து அருவியாக விழுமாதலால், அதன்வழி இறங்கியவர் மேலேறவும் இயலாமல் அகப்பட்டுக்கொள்வார். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு வந்த வழியே திரும்பு. அதுவும் புலப்படாவிட்டால் காற்றுப்படாத ஓரிடத்தில் தங்கிவிடு. நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊது. இருட்டில் ரோச் லைற்றாலும் அவ்வாறே காட்டலாம். மூன்று முறை பதில் வந்தால் உன்னைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அம்மா கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். நான் விசிலையும் சேர்த்து நம்புகிறேன்.

ரேகா மீட்புச் சேவையின் 1414, பொது அவசர இலக்கமான 112 இரண்டையும் மனப்பாடம் செய். ஹெலிகொப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து நில். உதவி வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் மூடுபனியில் அது வர முடியாமற் போகலாம் என்பதால், இரவைக் கழிக்கும் உடுப்பு உன்னிடம் இருக்கவேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குளிர் கூடும். பனி உறையாத நாளிலும், நனைந்த பருத்தி உடுப்பும் காற்றும் சேர்ந்தால் உடல் விறைத்துவிடும். கூட வருபவரின் பேச்சுக் குழறினால், அல்லது நடுக்கம் திடீரென நின்றால், அதைக் களைப்பென்று விட்டுவிடாதே.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அறைத்தோழியிடம் எழுதிக் கொடு. தேடச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். எனக்கும் அனுப்பு. இந்தக் கோடையில் உனக்கு மாலை ஆறு மணியாகும்போது இங்கே இரவு ஒன்பதரை. உன் செய்தி வரும்வரை நான் படுப்பதில்லை.

அன்புடன்,
அப்பா