இன்னிக்கு இடம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்ல கூட நின்னவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சீசன் முடிஞ்சு நேத்துதான் காட்டுப்பாதை கேட்டை பூட்டினோம், சாவியை கையில வச்சுக்கிட்டு நின்னப்போ உங்க ஒவ்வொருத்தர் முகமும் ஞாபகம் வந்துச்சு, அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம்னு கணக்கு போட உக்காந்தப்போ பாதையில எவ்வளவு இடம் இருக்குன்னுதான் முதல்ல பாத்தோம். ஆனா நம்ம தண்ணி தொட்டியும் டாய்லெட்டும் இருக்கற கைடுகளும் அதுல பாதியைக்கூட தாங்காது. இயற்கை இடங்கள் எத்தனை பேரை தாங்கும்னு ஆராய்ஞ்ச மிகுவேல் சிஃபுவென்டெஸ் 1992ல சொன்ன முறையும் இதேதான், இடத்தை வச்சு வர்ற நம்பரை மழை, மண் அரிப்பு, அப்புறம் பாத்துக்கறதுக்கு ஆளும் வசதியும் எவ்வளவுன்னு பாத்து குறைச்சுக்கிட்டே வரணும். பேப்பர்ல குறைக்கறது ஈஸி. ஆசையா குழந்தையை கூட்டிட்டு வந்தவங்ககிட்ட முகம் கொடுத்து "இன்னிக்கு முடிஞ்சிடுச்சுங்க"ன்னு சொல்றதுதான் கஷ்டம். அதை ஒரு நாள்கூட குரல் உசத்தாம செஞ்ச கேட் தம்பிங்களுக்கு முதல் நன்றி.

அடுத்து வண்டி ஓட்டற அண்ணன்மாருக்கு. எல்லாரும் காலையில ஒரே நேரத்துல வந்து குவியாம ஸ்லாட் பிரிச்சா உங்க ட்ரிப் குறையும்னு தெரிஞ்சேதான் கேட்டோம், "எங்க வயித்துக்கு என்ன வழி"ன்னு நீங்க கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். தாய்லாந்துல "மாயா பே"ன்னு ஒரு கடற்கரை, கூட்டம் தாங்காம பவளப்பாறையே நாசமாகி 2018 ஜூன்ல மூடினாங்க, திரும்ப திறந்தது 2022 ஜனவரியில, அதுவும் படகு எதுவும் உள்ள வரக்கூடாது, பின்பக்கமா இறங்கி நடந்துதான் வரணும்னு. இதை சொன்னதும் உங்கள்ல மூத்தவர் "மொத்தமா மூடறதுக்கு முன்னாடி நாமளே குறைச்சுக்குவோம்பா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா இந்த சீசனே இல்ல.

கைடு அக்கா, உங்களுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. மழை பெஞ்ச அன்னிக்கு வளைவுகிட்ட சேறு, ஷூ நனையக்கூடாதுன்னு எல்லாரும் ஓரமா செடிமேல ஏறி நடக்கறாங்க, பாதை அகலமாறதே அப்படித்தானே, அதுவும் மிதிபடாத மண்ணுல முதல் கொஞ்சம் காலடி பண்ற சேதம்தான் ரொம்ப ஜாஸ்தி. நீங்க ஒண்ணும் பேசல, செருப்பை கழட்டி கையில பிடிச்சுக்கிட்டு நடு சேத்துல இறங்கி நடந்தீங்க. பின்னாடியே ஒரு சின்ன பொண்ணு சிரிச்சுக்கிட்டே இறங்குச்சு, அப்புறம் அவங்கப்பா, அப்புறம் மொத்த கூட்டமும். அந்த ஓரத்துல இப்போ புல் முளைச்சிருக்கு அக்கா.

தினம் தொட்டி அளவை எழுதி வச்ச ஐயாவுக்கும் குப்பையை மூட்டை கட்டி கீழ சுமந்த பொண்ணுங்களுக்கும் நன்றி.

கடைசியா, இடமில்லன்னு திரும்பிப் போனவங்களுக்கு. எங்க மேல கோபப்பட முழு உரிமையும் உங்களுக்கு இருந்துச்சு, ஆனா முக்காவாசி பேர் "பரவால்ல, அடுத்த தடவை வர்றோம்"னுதான் சொன்னீங்க. உங்க நம்பரெல்லாம் தனி நோட்ல இருக்கு, அடுத்த சீசன் புக்கிங் திறக்கும்போது முதல் மெசேஜ் உங்களுக்குத்தான் வரும்.